ஆளுக்கு ஐம்பது ரூபாய்: கோடை விடுமுறையில் பிள்ளைகளை எந்தச் சந்தைக்குக் கூட்டிப் போவது?

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டால் ஜூன் வரைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு புயல். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. போன வருஷம் விடுமுறையின் முதல் வாரத்திலேயே மாலில் இருக்கும் ஒரு விளையாட்டுக் கூடத்துக்குப் போனோம். ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் 350 ரூபாய். அவர்கள் விற்கும் சாக்ஸைப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள், அதற்குத் தனிக் காசு. வெளியே வந்ததும் பாப்கார்ன், ஜூஸ். ஆட்டோவையும் சேர்த்து 1,400 ரூபாய் காலி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சின்னவன் ஆரம்பித்துவிட்டான்: "அம்மா, போரடிக்குது."

மறுநாள் காலை காய் வாங்கக் கிளம்பும்போது வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் இரண்டு பேரையும் உழவர் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வேறு வழியில்லாமல் போனதுதான். ஆனால் அன்று சாயங்காலம் வரை அவர்கள் பேசியது முழுக்கச் சந்தையைப் பற்றி. அப்புறம் அந்த விடுமுறை முழுவதும் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் விதவிதமான சந்தைகளுக்குப் போய்ப் பார்த்தோம். உழவர் சந்தை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், என் மாமியார் ஊர்ப் பக்கம் கூடும் வாரச்சந்தை, திருமங்கலம் ஆட்டுச் சந்தை, நகரத்தில் எப்போதாவது நடக்கும் இயற்கை விளைபொருள் சந்தை ஒன்று. எல்லாவற்றுக்கும் 'சந்தை' என்றுதான் பெயர். ஆனால் சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு இவை ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து இடங்கள்.

எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் எல்லாமே மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். நான் பார்த்தது வேறு: பிள்ளை அங்கே என்னவெல்லாம் கேட்டு அழும், என் கையை விட்டுவிட்டு ஒரு பத்தடி தானாக நடக்க முடியுமா, வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாமா. எல்லாவற்றுக்கும் மேல், அங்கே பிள்ளைக்குச் செய்ய ஏதாவது வேலை இருக்கிறதா. வேடிக்கை பார்ப்பது பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். வேலை கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடும்.

அந்த வேலையை ரொம்பத் தாராளமாகக் கொடுக்கும் இடம் உழவர் சந்தை.

மதுரைக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று, அப்போது முதல்வராக இருந்த மு. கருணாநிதி எங்கள் அண்ணா நகரில்தான் திறந்து வைத்தார். தேதியைக் கவனித்தீர்களா? குழந்தைகள் தினம். திட்டம் போட்டவர்கள் பிள்ளைகளை நினைத்து அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள், இருந்தாலும் எனக்குப் பிடித்த பொருத்தம் அது. ஹைதராபாத்தில் இருக்கும் என் தங்கை அவள் பிள்ளையை ரைத்து பஜாருக்குக் கூட்டிப் போகிறாள். அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திராவில் ஆரம்பித்த திட்டம் அது. "எங்களைப் பாத்துத்தான நீங்க ஆரம்பிச்சீங்க" என்று போனில் வம்பிழுப்பாள்.

உழவர் சந்தையின் ஏற்பாடு பெரியவர்களுக்காகச் செய்ததுதான். அடையாள அட்டை வாங்கிய விவசாயி தன் விளைச்சலைத் தானே கொண்டுவந்து விற்க வேண்டும். கடைக்கு வாடகை இல்லை, நடுவில் தரகர் இல்லை, தராசையும் சந்தையிலேயே கொடுக்கிறார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு கூட, வெளிக்கடை விலையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு என்ற கணக்கில் தினமும் காலையில் விலையை முடிவு செய்து பலகையில் எழுதிப் போடுகிறார்கள். இந்தப் பலகைதான் எங்கள் விளையாட்டுக்கு அஸ்திவாரம்.

ஆளுக்கு ஐம்பது ரூபாய், ஐந்து பத்து ரூபாய்த் தாள்களாகக் கொடுத்தேன். ஆளுக்கொரு சின்ன மஞ்சப்பை. சட்டம் ஒன்றே ஒன்று: எதை வாங்கினாலும் நீங்களே கேட்டு, நீங்களே காசு கொடுத்து, மீதியை நீங்களே எண்ணி வாங்க வேண்டும். அம்மா வாய் திறக்கமாட்டேன். முதல் நாள் மகள் ஒரு கீரைக்காரம்மாவின் முன்னால் மூன்று நிமிஷம் பேசாமல் நின்றாள். அந்த அம்மாவும் அவசரப்படுத்தவில்லை. "என்ன வேணும் தங்கம், சொல்லு" என்று கேட்டுவிட்டு வேறு ஆட்களுக்குக் கட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் காற்று மாதிரி ஒரு குரலில் "ஒரு கட்டு அரைக்கீரை" என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான் வாங்கினாள். நாற்பது ரூபாய்க்கு மேல் மிச்சம்.

மூன்றாவது வாரத்தில் நிலைமை தலைகீழ். பலகையில் தக்காளி 28 என்று போட்டிருந்தது. ஒருவர் 30 என்று சொல்லிவிட்டார். "அங்கே 28 போட்டிருக்கு" என்று என் மகள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, "ஆத்தி, ஆபீசரம்மா வந்துட்டாக!" என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கிற மாதிரி சொல்லி, எடைக்கு மேல் இரண்டு தக்காளியை எடுத்துப் பையில் போட்டார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கால் கிலோ என்றால் 250 கிராம், கிலோ 40 ரூபாய் என்றால் கால் கிலோ பத்து ரூபாய். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்து நோட்டில் போடச் சொன்னால் வயிற்று வலி வரும். கையில் தாளும் எதிரில் தராசும் இருந்தால் தானாக வந்துவிடுகிறது. சின்னவனுக்குக் கணக்கு இல்லை, அவனுக்குக் கொசுறுதான் எல்லாம். காசில்லாமல் ஒரு கொத்து கறிவேப்பிலை கிடைக்கிறது என்பதை நம்பவே முடியாமல், கிடைத்ததைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வான். துவைக்கும்போது இன்னும் காய்ந்த இலை வருகிறது.

'தானே வாங்கிய காயைப் பிள்ளை தானே சாப்பிடும்' என்று அடித்துச் சொல்கிறார்கள். என் வீட்டில் அது பாதி உண்மை. தன்னைவிட நீளமாக இருக்கிறதே என்று சின்னவன் ஒரு புடலங்காயை வாங்கி, வீடு வரைக்கும் தோளில் சாத்திக்கொண்டு வந்தான். கூட்டு வைத்துக் கொடுத்தால், "இது என் காய் இல்லை, என் காய் நீளமா இருந்துச்சு" என்று தட்டைத் தள்ளிவிட்டான். மகள் மட்டும் அவளுடைய கீரையைச் சாப்பிடுகிறாள். ஆகவே காய் சாப்பிட வைப்பதற்காகச் சந்தைக்குக் கூட்டிப் போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள்.

உழவர் சந்தையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நான்கு வயதுக்காரனுக்கு அரை மணி நேரம்தான் தாங்கும், அதற்கு மேல் அங்கே அவனுக்கு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டைப்பைகளின் நெரிசலில் பெரியவர்கள் இடுப்பு உயரத்துக்குக் கீழே எதையும் பார்ப்பதில்லை. பிள்ளையின் முகம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். வார நாளில் போங்கள். அப்புறம், வாசலுக்கு வெளியே சாலையோரக் கடைகள். நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய்க் கீற்று எல்லாம் அங்கேதான் கண்ணைப் பறிக்கும். உள்ளே இருக்கும் விலைப் பலகை அங்கே செல்லாது. உள்ளே சேமித்த இருபது ரூபாய் வெளியே போய்விடும். நுங்குக்குப் போனால் நான் தடுப்பதில்லை. மேயில் இல்லாவிட்டால் வேறு எப்போது?

பூ மார்க்கெட் வேறு ஜாதி.

மாட்டுத்தாவணியில் காலையில் உள்ளே நுழைந்தால் பெரியவர்களே ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். வெள்ளைக் குன்றாக மல்லிகை, பக்கத்தில் செவ்வந்தி, சம்பங்கி, அரளி, கோழிக்கொண்டை, மூட்டையிலிருந்து கொட்டும்போது எழும் வாசனை. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடையில்தான் அதன் வரத்து அதிகம், விலையும் கைக்கு எட்டும். மார்கழியிலும் தை முகூர்த்தங்களிலும் இதே பூ கிலோ ஆயிரங்களில் போகும்போது நாம் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். பார்ப்பதற்கு என்று கேட்டால் நாங்கள் போன சந்தைகளிலேயே அழகானது இதுதான்.

ஆனால் சின்னப் பிள்ளைக்கு? இது மொத்த வியாபாரம் நடக்கும் இடம். தலையில் மூட்டையோடு வருகிறவர் "வழி, வழி" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார். அவரால் நிற்க முடியாது, நிற்கச் சொல்லவும் கூடாது, அது அவர் பிழைப்பு. தரை ஈரம், மிதிபட்ட பூ வழுக்கும். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் இல்லாமல் போகவே கூடாது. முழு நேரமும் சின்னவன் என் இடுப்பில். இருபது நிமிஷத்தில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. யாரும் அவனுக்கு எதையும் விற்கும் நிலையில் இல்லை, அவனுக்கு அங்கே வேலையும் இல்லை.

ஒன்றே ஒன்று அந்தப் பயணத்தைக் காப்பாற்றியது. கால் கிலோ உதிரிப்பூ எண்பது ரூபாய்க்கு வாங்கி வந்தோம். வெயில் கொளுத்தும் மதியம் மூன்று மணிக்கு, பிள்ளைகளின் அப்பத்தா வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு மகளுக்குப் பூக்கட்டச் சொல்லிக் கொடுத்தார். முதல் சரம் தூக்கியதும் மொத்தமாக உதிர்ந்தது. நான்காவது சரம் அவள் தலையில் ஏறியது. சின்னவன் ஒரு மொக்கைத் தட்டில் வைத்து, எப்போது விரியும் என்று சாயங்காலம் வரை காவல் காத்தான். ஒரு மதியம் முழுவதும் இரண்டு பேரும் டிவியைக் கேட்கவில்லை. அந்த எண்பது ரூபாய்க்கு ஈடாக மாலில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆக, ஏழு வயதுக்கு மேல் என்றால் ஒருமுறை போகலாம். சின்னதை வீட்டில் விட்டுவிட்டு, பூவை மட்டும் கொண்டுவந்து கொடுங்கள்.

இனி வாரச்சந்தை. உண்மையில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் மாமியார் ஊர்ப் பக்கத்துச் சந்தை சாயங்காலம் நான்கு மணிக்குமேல்தான் களைகட்டும். வெயில் பிரச்சினை இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே பல்பு எரியும். ஒரு பக்கம் கூறு கட்டி வைத்த கத்தரிக்காய், அடுத்தது கருவாடு, அதற்கடுத்து மண்சட்டி, அரிவாள், வளையல், பாத்திரம், சேவு, பொரி, சவ்வு மிட்டாய். காலியான சாக்கின் மேல் உட்கார்ந்து ஒருவர் காதில் மாட்டிய மைக்கில் எலிமருந்து விற்றுக்கொண்டிருப்பார். போகும் வழியில் நாங்கள் ஒரு விளையாட்டு ஆடுவோம். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்று ஊர்ப் பெயரைச் சொன்னால், அங்கே என்றைக்குச் சந்தை கூடியிருக்கும் என்று சின்னவன் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜெயிப்பான். கிழமைகளின் பெயரை அவன் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

இங்கே விலைப் பலகை கிடையாது, பேரம்தான். என் மாமியார் பேரம் பேசுவதைப் பார்ப்பதே ஒரு நாடகம். விலை கேட்பார், முகத்தைச் சுளிப்பார், நான்கு அடி நடப்பார், கூப்பிடுவார்கள் என்று தெரியும், கூப்பிடுவார்கள். மகள் அதை அப்படியே காப்பியடித்து ஒரு வளையல் கடையில் நான்கு அடி நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பாவம், திரும்பிப் போய்ச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆனால் செலவு? உழவர் சந்தையில் ஐம்பது ரூபாய்க்குள் நின்ற பிள்ளைகள் வாரச்சந்தையில் நிற்கமாட்டார்கள். அங்கே பாதிக் கடை பிள்ளைகளைப் பார்த்தே போட்டது. பலூன், பீப்பி, சுண்டினால் ஓடும் கார், மிட்டாய் என்று முதல் தடவை 400 ரூபாய்க்கு மேல் ஆனது, பாதி பொம்மை மறுநாளே உடைந்தது. அதைவிட மோசம், சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள். பச்சை, ரோஸ், ஊதா என்று ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கத்திக்கொண்டிருந்தன. சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இப்போதெல்லாம் அந்த வரிசைப் பக்கமே போவதில்லை, சுற்றிப் போகிறோம்.

இன்னொன்று, இருட்டும் கூட்டமும். கை நழுவினால் கண்டுபிடிப்பது சிரமம். அதனால் கிளம்பும்போதே இரண்டு பேரின் முன்கையிலும் பேனாவால் என் போன் நம்பரை எழுதிவிடுவேன். பச்சை குத்திய மாதிரி இருக்கிறது என்று அவர்களுக்கும் சந்தோஷம். சட்டை பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் இன்னும் நல்லது.

திருமங்கலம் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமை கூடும். இதில் மகளும் நானும் அவள் அப்பாவும் மட்டும் போனோம். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் வருவதற்குள் பெரிய வியாபாரம் முடிந்துவிடும். காசு ஒரு டீயும் ஒரு பன்னும்தான், நமக்கு அங்கே வாங்க ஒன்றும் இல்லை. குட்டிகளைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொன்னார் ஒரு பெரியவர், மகள் அன்று முழுவதும் எல்லார் பல்லையும் பார்த்தாள். மாட்டுச் சந்தைகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசிக்கொள்வார்கள் தரகர்கள், சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பார்க்க ஆசைப்பட்டால் செவ்வாய், புதனில் மணப்பாறை, செவ்வாய், வியாழனில் பொள்ளாச்சி. ஆனால் கொம்புள்ள மாடுகளுக்கு நடுவில் ஐந்து வயதுக்குக் கீழே கூட்டிப் போக நான் சம்மதிக்கமாட்டேன்.

இயற்கை விளைபொருள் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாங்கள் போனது ஒரு பள்ளி மைதானத்தில், ஞாயிறு காலையில். நிழல், சுத்தமான கழிப்பறை, பனையோலையில் கிளி செய்யச் சொல்லித் தரும் ஒரு அக்கா, பாரம்பரிய விதைகள். அம்மாக்களுக்கு ரொம்ப நிம்மதியான இடம். ஆனால் கருப்பட்டி பிஸ்கட்டும் சிறுதானிய லட்டுமாக விலை எல்லாம் ஏறித்தான் இருந்தது. ஐம்பது ரூபாயில் பிள்ளையால் ஒரு லட்டுகூட வாங்க முடியவில்லை. கழிப்பறைக்காக மட்டும் நான் அதற்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுவேன். மற்ற எல்லாச் சந்தைக்கும் வீட்டிலேயே ஒன்றுக்குப் போக வைத்துவிட்டுக் கிளம்புவதே உத்தமம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் உழவர் சந்தை, யோசிக்கவே வேண்டாம். வாரச்சந்தையின் குதூகலம் அங்கே இல்லை, பூ மார்க்கெட்டின் அழகும் இல்லை. ஆனால் பிள்ளை அங்கே வேடிக்கை பார்க்கிறவன் இல்லை, வாடிக்கைக்காரன். எப்படியும் வாங்க வேண்டிய காயைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள், ஆகவே அந்த நூறு ரூபாயைச் செலவு என்றே நான் எழுதுவதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை போனாலும் சலிக்கவில்லை. முகம் தெரிந்த பிறகு, "எங்க உன் தம்பி?" என்று கேட்கும் ஆட்களும் வந்துவிட்டார்கள். வாரச்சந்தை விடுமுறைக்கு இரண்டு முறை போதும், காசை முன்கூட்டியே எண்ணிக் கையில் கொடுத்து, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று சொல்லிவிட்டு. மூன்று வயதுக்குக் கீழே என்றால் இவை எதுவுமே அவர்களுக்கான இடம் இல்லை. நடக்கவும் மாட்டார்கள், தூக்கிக்கொண்டு பேரம் பேசவும் முடியாது. தள்ளுவண்டியை எந்தச் சந்தைக்குள்ளும் கொண்டுபோக நினைக்காதீர்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் மதுரையில் ஒன்பது மணிக்கே கண் கூசும். நாங்கள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம். விடுமுறையில் எழுப்பினால் எழுந்திருக்கமாட்டார்கள் என்று பயந்தேன். தலையணைக்குப் பக்கத்தில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களை எழுப்புவது அவ்வளவு கஷ்டமில்லை. தண்ணீர் பாட்டில், பின்பக்கம் வார் உள்ள செருப்பு, ஒரு துண்டு. வேறெதுவும் வேண்டாம்.

இந்த வருஷம் சின்னவனுக்கும் ஐந்து வயதாகிவிட்டது. இந்த முறை திருமங்கலத்துக்குத் தன்னையும் கூட்டிப் போக வேண்டும் என்று தினமும் கேட்கிறான். போன வருஷம் திரும்பி வரும் வழியில், "அந்த ஆடெல்லாம் அவங்க வீட்டுக்குப் போய் என்னப்பா பண்ணும்?" என்று மகள் கேட்டபோது அவள் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இரண்டு நிமிஷம் கழித்து அவளே, "ஓ" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வேண்டாம் என்றாள், அடுத்த ஞாயிறு சாப்பிட்டாள். கோழிக்குஞ்சை இன்னும் மறக்காத இவனிடம் என்ன சொல்வது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.